அதிர்வது புல்லட்டின் குணமல்ல

"புல்லட்டுன்னா அதிரத்தாங்க செய்யும்." பல வருடம் மாட்டுக்கொட்டகையில் கிடந்த ஒரு ராயல் என்ஃபீல்டைப் பிரித்து, கழுவி, பெயின்ட் அடித்து, குரோம் பூசி மறுபடி சாலைக்குக் கொண்டுவந்தவர், "60-க்கு மேல போனா கை மரத்துப்போகுது" என்று சொன்னால் பட்டறையில் கிடைக்கும் பதில் அநேகமாக இதுதான். சொல்பவர் முப்பது வருடம் ஸ்பேனர் பிடித்தவர். கேட்பவர் தலையாட்டிவிட்டுப் போகிறார். சில மாதங்களில் சைலன்சர் பிராக்கெட் விரிகிறது, ஹெட்லைட் பல்பின் இழை அறுகிறது, மட்கார்டு போல்ட் எங்கோ வழியில் உதிர்ந்துவிடுகிறது. அதற்கும் அதே பதில்தான் வருகிறது. பழைய வண்டிகளை நேசிக்கிறவர்கள் கூடும் இடங்களில் இது இன்னும் ஒரு படி மேலே போய்ப் பெருமையாகவே ஆகிவிட்டது: அதிர்வுதான் புல்லட்டின் உயிராம், அதைப் போக்க நினைப்பவனுக்கு புல்லட் என்றால் என்னவென்றே தெரியாதாம்.

இந்தப் பேச்சில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மீதிப் பொய் அதன் நிழலில்தான் ஒளிந்திருக்கிறது.

இரும்பு சிலிண்டர் கொண்ட பழைய புல்லட் 350-இன் போர் 70 மி.மீ., ஸ்ட்ரோக் 90 மி.மீ., கொள்ளளவு 346 சி.சி. நிமிடத்துக்கு 3000 சுற்றில் ஓடும்போது அதன் பிஸ்டன் விநாடிக்கு 50 முறை மேலே போய் நின்று, கீழே வந்து நிற்கிறது. நின்று திரும்பும் ஒவ்வொரு முறையும் கிராங்கை இழுக்கிறது, அல்லது அழுத்துகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால், மேலும் கீழும் ஓடும் எடையில் ஒவ்வொரு 100 கிராமுக்கும் சுமார் 45 கிலோ எடைக்குச் சமமான விசை வருகிறது. 4000 சுற்றில் அதுவே 80 கிலோவைத் தொடும். இதை எதிர்த்து நிற்க ஒற்றை சிலிண்டர் இன்ஜினில் இன்னொரு பிஸ்டன் கிடையாது. அதனால் ஃப்ளைவீலில், பிஸ்டனுக்கு எதிர்ப்புறமாக எடை வைக்கிறார்கள். முழு எடைக்கும் ஈடு வைத்தால் மேல்-கீழ் ஆட்டம் நிற்கும். ஆனால் அதே அளவு ஆட்டம் முன்னும் பின்னுமாகக் கிளம்பிவிடும். ஆகவே பாதி அளவுக்கோ அதற்குச் சற்று மேலோ மட்டும் ஈடுகட்டி, மிஞ்சியதை இரண்டு திசைக்கும் பங்கிடுகிறார்கள். பேலன்ஸ் ஃபேக்டர் என்பது அந்தப் பங்கு. சட்டகம் எப்படி நெளியும், வண்டி பெரும்பாலும் எந்தச் சுற்றில் ஓடும் என்பதை வைத்து அதைத் தீர்மானிக்கிறார்கள்.

ஆக, மிச்சம் என்று ஒன்று உண்டு. ஒற்றை சிலிண்டரில் அதிர்வே இருக்கக் கூடாது என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் அந்த மிச்சத்துக்கு ஒரு அளவு இருக்கிறது. தொழிற்சாலையில் ஒருவர் யோசித்து, எடை போட்டு, இவ்வளவுதான் என்று விட்டுவைத்த அளவு அது. இன்று உங்கள் உள்ளங்கைக்கு வருவது அந்த அளவா, அல்லது அதன்மேல் நாற்பது வருடத் தேய்மானமும் நாலைந்து பட்டறைகளின் அவசரமும் சேர்ந்து ஏற்றிவைத்த கூடுதலா? "அதிரத்தான் செய்யும்" என்ற பதில் இந்தக் கேள்வியையே கேட்கவிடாமல் செய்கிறது. அதன் மீது எனக்குள்ள கோபத்துக்குக் காரணம் இதுதான்.

வண்டியின் வரலாறும் அந்தப் பதிலுக்கு எதிராகவே நிற்கிறது. இங்கிலாந்தின் ரெட்டிச்சில் உருவான இந்த வண்டியை எல்லைக் காவலுக்கு ஏற்றதென்று இந்திய ராணுவம் தேர்ந்தெடுத்தது. அந்தத் தேவையின் தொடர்ச்சியாகவே 1955-இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா பிறந்து, திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. மலைப்பாதையில் நாள் முழுக்க ஓட்டுவதற்காக வாங்கப்பட்ட வண்டி அது. அரைமணி நேரத்தில் கை மரத்துப்போகும் வண்டியை எந்த ராணுவமும் அந்த வேலைக்கு வாங்கியிருக்காது.

பொறியாளர்கள் அதிர்வை ஒருபோதும் அழகாகக் கருதியதில்லை. அதை அடக்க எதிர்ச்சுற்று எடைத்தண்டுகளைப் பொறியாளர் லான்செஸ்டர் வடிவமைத்தது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே. 1967-இல் நார்ட்டன் நிறுவனம் தன் கமாண்டோவில் இன்ஜினையும் கியர்பாக்ஸையும் பின்சக்கரத்தோடு சேர்த்து ரப்பரில் தொங்கவிட்டது. அந்த இரட்டை சிலிண்டரின் நடுக்கம் ஓட்டுபவரை எட்டக் கூடாது என்பதற்காகத்தான் அத்தனை பாடு. ராயல் என்ஃபீல்டே 2016-இல் வந்த ஹிமாலயனிலும், 2020-இல் மீட்டியரோடு வந்த புதிய 350 இன்ஜினிலும் பேலன்சர் தண்டு வைத்தது. அதிர்வு உயிரென்றால், செய்தவர்களே செலவு செய்து அதை ஏன் எடுக்க வேண்டும்?

"அதனாலதான் புது வண்டியில அந்த சவுண்டு இல்ல" என்று உடனே ஒரு குரல் வரும். இங்கே இரண்டு வெவ்வேறு சங்கதிகள் குழம்பிக் கிடக்கின்றன. புல்லட்டின் 'டுப்-டுப்' எரிபொருள் வெடிக்கும் இடைவெளியிலிருந்து வருகிறது: இரண்டு சுற்றுக்கு ஒரு வெடிப்பு, கனமான ஃப்ளைவீல், நீண்ட ஸ்ட்ரோக், சைலன்சரின் வடிவம். அதிர்வு, பிஸ்டனின் ஓட்டத்திலிருந்தும் தளர்ந்துபோன இணைப்புகளிலிருந்தும் வருகிறது. ஒன்றைக் குறைத்தால் மற்றது குறையாது. சீராகக் கட்டிய பழைய இன்ஜினில் அந்தத் தாளம் இன்னும் தெளிவாகக் கேட்கும், ஏனென்றால் மட்கார்டும் டூல் பாக்ஸும் கூடவே கடகடக்காது.

இந்தத் தாள மோகத்தால் நடக்கும் ஒரு கேட்டையும் இங்கேயே சொல்ல வேண்டும். சத்தம் எண்ணி எண்ணிக் கேட்க வேண்டும் என்பதற்காக ஐடிலிங்கை அணையும் விளிம்பு வரை குறைக்கச் சொல்கிறார்கள். இரும்பு புல்லட்டின் ஆயில் பம்புகள் கிராங்க் முனையிலுள்ள வார்ம் கியரால், கிராங்கைவிடப் பல மடங்கு மெதுவாக ஓடுபவை. இன்ஜின் தள்ளாடிக்கொண்டு நிற்கும் வேகத்தில் கனெக்டிங் ராடின் பெரிய முனை பேரிங்குக்குப் போகும் ஆயில் சொற்பம். பழைய இன்ஜின்களில் அந்த இடத்தில் ரோலர் கூட இல்லை. மிதக்கும் புஷ் ஒன்றுதான் இருக்கிறது. அது ஆயில் படலத்தை நம்பியே வாழ்கிறது. அழகுக்காகக் குறைத்த ஐடிலிங் அந்தப் புஷ்ஷைத் தின்கிறது, புஷ் தேய்ந்ததும் தட்டலும் அதிர்வும் வருகின்றன, பிறகு அதற்கும் "குணம்" என்று பெயர் வைக்கப்படுகிறது.

சரி, கூடுதல் அதிர்வு எங்கிருந்து வருகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு பைசா செலவில்லாத சோதனை இருக்கிறது. ஆளில்லாத நேரான சாலையில், தொந்தரவு வரும் வேகத்தில் ஆக்ஸிலேட்டரை விட்டுவிட்டு கிளட்சைப் பிடியுங்கள். இன்ஜின் ஐடிலிங்குக்கு இறங்கும், சக்கரம் மட்டும் அதே வேகத்தில் ஓடும். அதிர்வு அந்தக் கணமே போய்விட்டால் காரணம் இன்ஜின் பக்கம். போகாமல் வண்டியோடு சேர்ந்து மெதுவாகக் குறைந்தால் சக்கரம், டயர், செயின், பின் ஹப் ஆகியவற்றைப் பாருங்கள். கைக்கும் வித்தியாசம் தெரியும். 19 அங்குலச் சக்கரம் 60 கி.மீ. வேகத்தில் விநாடிக்கு எட்டு முறைதான் சுற்றுகிறது. அதன் கோளாறு கண்ணுக்குத் தெரியும் ஆட்டமாக வரும். அதே வேகத்தில் கடைசி கியரில் கிராங்க் நாற்பது முறைக்கு மேல் சுற்றுகிறது. அது விரல்களில் ஊர்ந்து மரத்துப்போக வைக்கும். அடுத்து, ஸ்டாண்டில் நிறுத்தி நியூட்ரலில் மெல்ல முறுக்கிப் பார்க்க வேண்டும். நின்ற இடத்திலும் அதே சுற்றில் அதே நடுக்கம் வந்தால் பிஸ்டன், கிராங்க், ஆல்டர்னேட்டர், கிளட்ச் இவற்றின் எடைச் சமநிலையை நோக்கி யோசிக்கலாம். நின்றால் இல்லை, ஓட்டினால்தான் வருகிறது என்றால் இழுவை சேரும்போது எங்கோ ஒரு இணைப்பு நகர்கிறது, அல்லது டைமிங் சரியில்லை.

இவ்வளவுக்கும் பத்து நிமிடம் போதும். "குணம்" என்று தீர்ப்பு சொல்பவர்களில் எத்தனை பேர் இந்தப் பத்து நிமிடத்தைச் செலவழித்துவிட்டுச் சொல்கிறார்கள்?

மீட்டெடுத்த வண்டிகளுக்கென்றே ஒரு தனி நோய் உண்டு. பிரிப்பதற்கு முன் அவ்வளவு அதிராத வண்டி, முழுதாகக் கட்டிய பிறகு அதிகம் அதிரும். சொந்தக்காரர் குழம்பிப்போவார்: எல்லாமே புதுசாச்சே! காரணம் பெரும்பாலும் அந்தப் புதுமையில்தான் இருக்கிறது.

இரும்பு புல்லட்டின் சட்டகம் இன்ஜினுக்கு அடியில் தொட்டில் போல ஓடுவதில்லை. முன் குழாய் இன்ஜினின் முன்னாலேயே முடிந்துவிடுகிறது; அங்கிருந்து பின்பக்கம் வரை சட்டகத்தின் வேலையை இன்ஜினே செய்கிறது. இன்ஜினின் பின்புறத்தில் கியர்பாக்ஸ் போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்கிறது. ஆகவே இன்ஜின் பிளேட்டுகள் வெறும் தாங்கிகள் அல்ல, சட்டகத்தின் எலும்புகள். இப்போது அந்தப் பிளேட்டுகளையும் சட்டகத்தின் காதுகளையும் பவுடர் கோட்டிங்குக்கு அனுப்புகிறார்கள். பூச்சு கெட்டியாக, பளபளப்பாகத் திரும்பி வருகிறது, போல்ட் உட்காரும் முகங்கள் உட்பட. அதன்மேல் வைத்து முறுக்கும்போது ஸ்பேனருக்கு இறுகியதுபோலத் தெரியும். இருநூறு கிலோமீட்டர் ஓடிய பின், சூட்டிலும் அழுத்தத்திலும் பூச்சு நசுங்கி மெலிகிறது, போல்ட்டின் இழுவிசை போய்விடுகிறது. நட்டு சுழலவில்லை, அடையாளக் கோடு நகரவில்லை, ஆனாலும் பிளேட் நகர்கிறது. உலோகம் உலோகத்தோடு சேரும் முகங்களில் பூச்சு இருக்கவே கூடாது. அனுப்பும் முன்பே மறைத்து ஒட்டச் சொல்ல வேண்டும். மறந்துவிட்டால் சுரண்டி எடுக்க வேண்டும். புதுப் பெயின்ட்டைச் சுரண்ட மனம் வராது என்பது எனக்குத் தெரியும். சுரண்டத்தான் வேண்டும்.

அடுத்தது போல்ட். துருப்பிடித்த பழைய போல்ட்டுகளைத் தூக்கி எறிந்துவிட்டு மின்னும் ஸ்டெயின்லெஸ் போல்ட்டுகளை மாட்டுகிறார்கள். பழைய இன்ஜின் போல்ட்டில் மரை நுனியில் மட்டும்தான் இருக்கும். துளைக்குள் உட்காரும் பகுதி வழவழப்பான முழுத்தண்டு. கடையில் சுலபமாகக் கிடைப்பதோ தலைவரை மரை போட்ட போல்ட். மரையின் கூர்முனைகள் மட்டுமே துளையின் சுவரைத் தொடுகின்றன. ஒவ்வொரு அதிர்விலும் அது அரம்போல வேலை செய்து துளையை முட்டை வடிவமாக்கிவிடும். அதன்பின் எவ்வளவு முறுக்கினாலும் பயனில்லை. துளையை நிரப்பிப் பற்றவைத்து மறுபடி துளைக்க வேண்டும், அல்லது பிளேட்டை மாற்ற வேண்டும்.

பிரிக்கும்போது தொலைந்த சின்ன ஸ்பேசர்களும் இப்படித்தான். பிளேட்டுக்கும் காதுக்கும் நடுவில் இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால், போல்ட்டை முறுக்கியே இழுத்து மூடிவிடுகிறார்கள். சட்டகம் வளைந்து, முறுக்கேறிய நிலையிலேயே வாழ்கிறது. சரியான வழி, எல்லா போல்ட்டுகளையும் கையால் மட்டும் மாட்டி, இன்ஜின் தானாக எங்கே உட்காருகிறதென்று பார்த்து, இடைவெளியை அளந்து வாஷர் வைத்து, பிறகு கடைசிவரை முறுக்குவது. ஹெட்டிலிருந்து சட்டகத்துக்குப் பிடி உள்ள மாடல்களில் அந்தப் பிடியைக் கடைசியாக இறுக்க வேண்டும்.

இதற்கெல்லாம் மாற்றாகப் பரிந்துரைக்கப்படும் வைத்தியங்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. இன்ஜின் பிளேட்டுக்கு நடுவில் டியூப் ரப்பரை வெட்டி வைக்கிறார்கள். நார்ட்டன் செய்தது வேறு: அங்கே தனிச் சட்டகம் இருந்தது, ரப்பரின் இளக்கம் கணக்கிட்டு வைக்கப்பட்டது, பக்கவாட்டு இடைவெளி ஷிம் போட்டுக் கட்டுப்படுத்தப்பட்டது. இன்ஜினே சட்டகமாக இருக்கும் வண்டியில் ரப்பரைச் செருகுவது எலும்பு மூட்டைக் கழற்றிவிடுவதற்குச் சமம். வளைவில் வண்டி சொன்னபடி கேட்காது. இன்னொரு வைத்தியம், முன் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் கூட்டுவது. 16-ஐ 17 ஆக்கினால் அதே சாலை வேகத்தில் சுற்று சுமார் 6 சதவீதம் குறையும், விசை 11 சதவீதம் குறையும். தொந்தரவு 60-இலிருந்து 64-க்குத் தள்ளிப்போகும், அவ்வளவுதான். ஹேண்டில்பாரின் முனையில் எடை வைப்பதில் தவறில்லை, ஆனால் அது எல்லாம் சரியான பிறகு கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை.

எதிர்முனையிலும் ஒரு தவறு இருக்கிறது. அதிர்வு என்றதும் "கிராங்கை இறக்கிடலாம்" என்று இன்ஜினைத் திறந்துவிடும் அவசரம். வெளியிலிருந்து உள்ளே போக வேண்டும் என்பதே ஒழுங்கு. பிளேட், போல்ட், கியர்பாக்ஸ் ஸ்டட், பிரைமரி செயின், பின் செயினின் இறுக்கமான இடம், பின் ஹப்பில் கெட்டித்துப்போன குஷ் ரப்பர், ரிம்மின் ஓட்டம் எல்லாம் பார்த்தாகட்டும். டைமிங்கையும் பாருங்கள். பாயிண்ட் உள்ள 350-க்கு, அட்வான்ஸ் முழுக்கப் பின்வாங்கிய நிலையில் பிஸ்டன் உச்சிக்கு 0.8 மி.மீ. முன்னால் பாயிண்ட் திறக்க வேண்டும். பாயிண்ட் இடைவெளி 0.35-இலிருந்து 0.40 மி.மீ. அட்வான்ஸ் யூனிட்டின் குட்டி எடைகள் விரிந்த நிலையிலேயே துருவில் ஒட்டிக்கொண்டாலும், ஸ்பிரிங்குகள் தளர்ந்தாலும், தீப்பொறி நேரத்துக்கு முன்பே வந்து ஏறிவரும் பிஸ்டனின் தலையில் அடிக்கும். வெளியே வருவது முரட்டு அதிர்வு. இன்ஜினைத் திறக்காமல் அரைமணியில் சரியாகும் கோளாறு இது. இதற்காகக் கிராங்க் இறங்கிய வண்டிகள் உண்டு.

அத்தனையும் பார்த்த பிறகும் நடுக்கம் நின்ற இடத்திலேயே வருகிறதென்றால், அப்போது திறக்கலாம். திறந்தால் இரண்டு எண்கள் வேண்டும். முதலாவது பிஸ்டனின் எடை. ரீபோர் செய்து ஓவர்சைஸ் பிஸ்டன் போடும்போது, வேறு வார்ப்பில் வந்த பிஸ்டன் பழையதைவிடக் கனமாக இருக்கலாம். பின், ரிங், சர்க்ளிப் எல்லாம் சேர்த்து இரண்டையும் மளிகைக் கடைத் தராசிலாவது நிறுத்துப் பாருங்கள். 40 கிராம் கூடியிருந்தால், மேலே சொன்ன கணக்குப்படி 3000 சுற்றில் சுமார் 18 கிலோ, 4000 சுற்றில் 32 கிலோ விசை புதிதாக வந்து சேர்கிறது. தொழிற்சாலை வைத்த ஈட்டெடைக்கு இந்த 40 கிராமைத் தெரியாது. உள்பக்கம் கடைந்து எடையைக் குறைக்க லேத்தில் முடியும், குறைக்கும் இடம் தெரிந்த கை வேண்டும். முடியாவிட்டால் வேறு பிஸ்டன் தேடுங்கள், அல்லது புது எடைக்கேற்ப ஃப்ளைவீலை மறுபடி சமன்செய்யுங்கள்.

இரண்டாவது கிராங்கின் ஓட்டம். கனெக்டிங் ராடு மாற்றும்போது இரண்டு ஃப்ளைவீல்களையும் பிரித்து, கிராங்க் பின்னை மாற்றி, மறுபடி சேர்க்கிறார்கள். சேர்த்த பின் இரண்டு பக்கத் தண்டுகளும் ஒரே நேர்கோட்டில் நிற்கின்றனவா என்று சென்டர்களுக்கு நடுவில் சுற்றிவிட்டு டயல் கேஜில் பார்க்க வேண்டும். ஒரு மில்லிமீட்டரின் நூற்றில் சில பங்குதான் அனுமதி. சில இடங்களில் ஸ்கேலை வைத்துக் கண்ணால் பார்த்து, செம்புச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டி, "ஓகே" என்று கொடுத்துவிடுகிறார்கள். அந்தக் கிராங்க் சுற்றும் ஒவ்வொரு சுற்றிலும் பேரிங்குகளை நெளிக்கிறது. அதை எந்த எடைச் சமநிலையாலும் ஈடுகட்ட முடியாது.

"பழகிடும்" என்ற ஆறுதலையும் மறுக்க வேண்டும். கைக்கு வரும் அதிர்வு தொழிலாளர்களின் விரல் ரத்தக் குழாய்களையும் நரம்புகளையும் கெடுக்கிறது என்பது மருத்துவம் நன்கறிந்த உண்மை. குளிரில் விரல்கள் வெளுத்து மரத்துப்போகும் அந்த நோயையும் தடுக்க ஐரோப்பிய ஒன்றியம் 2002-இல் விதி கொண்டுவந்தது. எட்டு மணி நேர வேலைக்குக் கைக்கு வரும் அதிர்வு 2.5 மீ/வி² தாண்டினால் முதலாளி நடவடிக்கை எடுக்க வேண்டும். 5-ஐத் தாண்டவே கூடாது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓட்டுபவருக்கு இது பெரிய ஆபத்தல்ல. ஆனால் நெடும்பயணம் போகிறவர்களும், பழைய புல்லட்டில் தினமும் வேலைக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் பழகிவிடும் என்று சொல்வது, உணர்வு மங்கிவிடும் என்று சொல்வதுதான்.

மெக்கானிக்குகள் பக்கம் ஒரு நியாயம் உண்டு, அதை மறைக்க மாட்டேன். "பெயின்ட்டுக்கு இருபதாயிரம் கேட்டா கொடுக்கறாங்க. ரெண்டு நாள் உக்காந்து எங்க அதிருதுன்னு பார்த்தேன்னா அதுக்குக் காசு கேட்க முடியல" என்று அவர்கள் சொல்வது உண்மை. கண்ணுக்குத் தெரியும் வேலைக்குத்தான் நம் கை நீள்கிறது. "குணம்" என்ற சொல் பட்டறையில் மட்டும் பிறக்கவில்லை. தேடும் நேரத்துக்குக் கூலி கொடுக்க மனமில்லாத சொந்தக்காரர்களும் அதற்குப் பொறுப்பு.

ஆகவே வண்டியை விடும்போதே பேசி முடித்துக்கொள்ளுங்கள். அதிர்வு தேடும் நேரத்துக்குத் தனிக்கூலி என்று ஒத்துக்கொள்ளுங்கள். பூச்சு எந்த முகங்களில் படக்கூடாது என்று எழுதிக் கொடுங்கள். பழைய பிஸ்டனையும் பழைய போல்ட்டுகளையும் தூக்கி எறியாமல் திருப்பிக் கேளுங்கள். புதுப் பிஸ்டனின் எடையையும் கிராங்கின் ஓட்டத்தையும் எண்ணாக எழுதி வாங்குங்கள்; "கரெக்டா இருக்கு" என்ற வார்த்தை போதாது. வண்டி கைக்கு வந்தபின் முதல் நூறு கிலோமீட்டரில் ஒருமுறையும், ஐந்நூறில் ஒருமுறையும் ஒவ்வொரு இன்ஜின் போல்ட்டையும் குளிர்ந்த நிலையில் மறுபடி முறுக்கிப் பாருங்கள். இரண்டாவது முறையும் ஒரு போல்ட் அசைந்து கொடுத்தால் அதை இன்னும் வலுவாக முறுக்கிவிட்டுப் போகாதீர்கள். கழற்றி, அது உட்காரும் முகத்தைப் பாருங்கள்.